நாத்தனாரும் நானும் எழுதிய நுழைவுத் தேர்வு

மதுரையில் ஒரு கல்லூரி வராந்தா. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பதிவு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு விரல் வந்து அதே பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கியது. மருதாணி வைத்த விரல். என் எண்ணுக்கு மூன்று எண் தள்ளிப் போய் நின்றது.

யாரென்று திரும்பினேன். என் நாத்தனார் கோதை.

அவளும் திரும்பினாள். ஒரே வீட்டுக்குத் திருட வந்த இரண்டு திருடர்கள் மாடிப்படியில் முட்டிக்கொண்டால் எப்படி விழிப்பார்களோ, அப்படி விழித்தோம்.

நான் எம்.ஏ. வரலாற்றுக்கான நுழைவுத் தேர்வு எழுத வந்திருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ராஜபாளையத்தில் முதல் பஸ் ஏறியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா அப்பாவோடு இருக்கும் கோதை, தோழியின் வளைகாப்பு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பொய் பொருத்தமாக இருக்க வேண்டுமென்று முந்தின நாளே மருதாணி வேறு வைத்துக்கொண்டாளாம்.

நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஏறக்குறைய மூன்று வருடம் ஓடியிருந்தது. ஆனால் அண்ணன் தங்கைக்குள் போன் பேச்சு நிற்கவில்லை. அதனால் அவள் பொய் எனக்கும், என் பொய் அவளுக்கும் முதல் நாளே வந்து சேர்ந்திருந்தன.

"கண்ணு டாக்டரு அஞ்சாம் நம்பர் ரூம்லயா இருக்காரு, மதினி?" என்றாள் கோதை.

"வளைகாப்புக்காரி எங்க? வயிறும் பிள்ளையுமா அவளும் பரீச்சை எழுதுதாளா?" என்றேன் நான்.

மூன்று வருடத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அது. அடுத்த வார்த்தைக்குள் மணி அடித்துவிட்டது.

யார் இந்தக் கோதை

நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருத்தி, "நுழைவுத் தேர்வுக்கு எப்படிப் படித்தீர்கள், அதை மட்டும் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாள். அதை மட்டும் எழுத எனக்கு வராது. கோதையைச் சொல்லாமல் நான் படித்த கதையைச் சொல்ல முடியாது.

அவள் என் கணவர் ரெங்கராஜின் ஒரே தங்கை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடை சட்டையில் வாசலில் நின்று, "மதினி, ஒங்களுக்கு அசோகர் புடிக்குமா அக்பர் புடிக்குமா?" என்று கேட்டவள். ஆரத்தி கூட அப்புறம்தான் எடுத்தார்கள்.

எனக்கு அப்போது இரண்டு பேரைப் பற்றியும் அரைகுறையாகத்தான் தெரியும். பிளஸ் டூவோடு நின்றிருந்தேன். ராஜபாளையத்தில் மருத்துவ பேண்டேஜ் தயாரிக்கும் யூனிட் ஒன்றில் வேலை. தலையில் தொப்பி, வாயில் மாஸ்க். வெள்ளைத் துணியில் நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். அவளுக்குப் பதில் சொல்லவென்றே படிக்கத் தொடங்கி, தபால் வழியில் பி.ஏ. வரலாறும் முடித்தேன் என்றால் நம்புவீர்களா? உண்மை அதுதான்.

பிறகு ஒரு உறவுக்காரர் கல்யாணம். அதற்கு என் முகூர்த்தப் பட்டை, அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையை, கோதை இரவல் வாங்கிக் கட்டினாள். திரும்பி வந்தபோது முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பார்க் கறை. அன்றோடு நான் அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். நாத்தனார், மதினி சண்டை ஊரில் புதிதா? "சேலைக்காக முறைச்சுக்கிட்டாளுக" என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

தோற்ற கதையும் ஒரு தோசையும்

அந்த முதல் தேர்வு எனக்கு எப்படிப் போனதென்றால், கேள்வித்தாளைப் பார்த்தபோது எல்லாமே தெரிந்த முகமாக இருந்தது. ஒருவருக்கும் பேர் சொல்ல வரவில்லை.

நான் படித்த முறை அப்படி. புத்தகத்தில் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் பூசுவேன். பூசிப் பூசிக் கடைசியில் பூசாத வரியே இல்லை. மஞ்சள் காமாலை வந்த புத்தகம். அதைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் பழகிப் போயிருந்தது. பழக்கத்தை ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் கேட் அருகே கோதை நின்றிருந்தாள். முகம் தொங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் வந்ததை ஒளிக்கப் போவதில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்ல மதினி."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தோசை வந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நான் வீடியோவாப் பாத்தேன் மதினி. ரெட்டை ஸ்பீடுல. நூத்தி எழுவது வீடியோ. இப்ப மண்டைக்குள்ள அந்த சார் கொரல் மட்டுந்தான் இருக்கு. என்ன சொன்னாருன்னு இல்ல."

"காலவரிசைப்படுத்துகன்னு கேட்டானே, அது?"

"எழுதாம விட்டுட்டேன். நீங்க?"

"நான் எழுதித் தப்பு விட்டேன். மைனஸ் வேற."

அவள் களுக்கென்று சிரித்தாள். புரை ஏறியது. நான் எழுந்து போய்த் தலையில் தட்டினேன். அவ்வளவுதான், தட்டிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தபோது பழைய முறைப்புக்கு முகத்தைக் கொண்டுபோக முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரெங்கராஜ், "கண்ணு டாக்டரு என்ன சொன்னாரு?" என்றார். அவர் நூற்பாலையில் ஃபிட்டர். பொய்யையும் ஸ்குருவையும் தொட்டதுமே லூஸா டைட்டா என்று சொல்லிவிடுவார். உண்மையைச் சொன்னேன். பரீச்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் பேசிக்கிட்டியளா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. எனக்கு இல்லை. செத்த நேரத்தில் கோதையிடமிருந்து செய்தி: "எனக்கும் இல்ல. சேந்து படிப்பமா?"

கட்டணமில்லா வாசகசாலை

எங்கே படிப்பது? என் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடும். அவள் வீட்டில் உட்கார்ந்தால் மருமகள் என்கிற முறையில் அங்கேயும் அடுப்புதான்.

கோதை அப்போது ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்புவாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த யோசனை அவளுடையது.

"மதினி, நீங்களும் எங்கூட ஏறுங்க. வில்லிபுத்தூர்ல நான் இறங்கிக்கிடுதேன். நீங்க அதே பஸ்ல திரும்பிருங்க. யாரும் காப்பி கேக்க முடியாது."

என் மகள் நாலாம் வகுப்பு. ஆறே முக்கால் வரை டியூஷன். யூனிட் விட்டதும் ஓடிப் போய் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் கணக்குச் சரியாக இருந்தது. வார நாட்களில் நாங்கள் இருவரும் அந்த பஸ்ஸின் மூன்றாவது சீட்டைக் குத்தகைக்கு எடுத்ததுபோல ஆனோம்.

முதல் வாரமே ஒரு சட்டம் போட்டோம். பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. படிப்பதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். பஸ்ஸில் வாயால் சொல்ல வேண்டும். தெரியாத இடத்தில் திக்கித் திணறி, தலையைச் சொறிந்து, தானாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால்தான் மற்றவள் சொல்லலாம்.

இது எவ்வளவு வேதனை தெரியுமா? மஞ்சள் பூசுவது சுகம். இது பல் பிடுங்குகிற மாதிரி. ஆனால் பிடுங்கி எடுத்தது பிறகு மறக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் மாமியார் நின்றிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், "ஒம் மருமக தெனமும் பஸ்ஸுல வந்து, வீட்டுக்கு வராம அதே பஸ்ஸுல திரும்பிப் போறா" என்று. அத்தை பஸ்ஸுக்குள் ஏறி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல வந்து படிச்சா என்னவாம்?"

"வந்தா நீ மதினியத் தேங்கா திருவச் சொல்லுவ," என்றாள் கோதை.

அத்தை செத்த நேரம் யோசித்தார். "சொல்லத்தான் செய்வேன்," என்று ஒப்புக்கொண்டு இறங்கிவிட்டார்.

மலைப் பக்கம் தெற்கு, வயல் பக்கம் வடக்கு

எங்களைக் கவிழ்த்தது காலவரிசை. யார் முன்னே, யார் பின்னே, யார் யாருக்குச் சமகாலம். ஆண்டுகளை உருப்போட்டால் இரண்டு நாளில் கலைந்து போகும்.

ஒரு நாள் நான் வழக்கம்போலக் குழம்பி, குப்தருக்குப் பிறகு மௌரியரைக் கொண்டுவந்துவிட்டேன். கோதை ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டிக் கேட்டாள். "மில் ஸ்டாப்புக்கு முன்னால ரயில்வே கேட்டு வருமா மதினி?"

"அது எப்படி வரும்? மில்லு தாண்டித்தானே கேட்டு."

"அது மட்டும் எப்படிக் கொழம்பாம இருக்கு?"

அன்றே பஸ் நிறுத்தங்களுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் சிந்துவெளி. சாக்கடை மட்டும்தான் பொருந்தாது. பெரிய மதிலும் வாட்ச்மேனும் நூறு விதிகளுமாக இருக்கும் மில் நிறுத்தம் மௌரியர். வெளியூர் வண்டிகள் காத்து நிற்கும் ரயில்வே கேட் குஷாணர். நகைக்கடை விளம்பரப் பலகை வைத்த பெட்ரோல் பங்க், பொற்காசு அடித்த குப்தர்.

பிறகு கோதை இன்னொன்றைச் சேர்த்தாள். எங்கள் ஊரிலிருந்து போகும்போது இடது பக்கம் மலை, வலது பக்கம் வயல். மலைப் பக்க ஜன்னலில் தென்னாட்டு அரசர்கள், வயல் பக்க ஜன்னலில் வடநாட்டு அரசர்கள். கண்மாய்க்கரை வந்தால் வலது பக்கம் ஹர்ஷர், இடது பக்கம் புலிகேசியும் பல்லவரும். யார் யாருக்குச் சமகாலம் என்பது தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். தென்னந்தோப்பில் சோழர். மடவார் வளாகத்தில் விஜயநகரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாயக்கர்.

கோதை இறங்கிய பிறகு திரும்பும் வழியில் நான் தனி. டெல்லி சுல்தான்களில் தொடங்கி, மொகலாயர், கம்பெனி, காங்கிரஸ் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ராஜபாளையத்தில் சுதந்திரம் கிடைக்கும். கிடைத்ததும் இறங்கிப் போய் உலை வைப்பேன்.

கண்டக்டர் பால்ராஜ் அண்ணாச்சி முதலில் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஒரு மாதத்தில் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மௌரியர்லாம் முன்னால வாங்க, குஷாணர் கேட்டுல நிக்காது!" என்று கூப்பிட ஆரம்பித்தார். காய்கறிக் கூடையோடு ஏறும் அம்மா ஒருத்தி, "யாரு தாயி அந்தக் குப்தரு? எந்தத் தெரு?" என்று கேட்டதற்குக் கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விஜயநகரம் என்று சொன்னபோதெல்லாம் முன் சீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா திரும்பிப் பார்ப்பார். "நாங்க அங்கருந்து வந்தவங்கன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க," என்றார் ஒரு நாள். "அது வாய்மொழிச் சான்று," என்று கோதை பெரிய ஆய்வாளர்போலத் தலையாட்டினாள். அவர் இறங்கும்போது எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு கொய்யாப்பழம் வைத்து, "பாகா சதுவுகோண்டி," என்றார். நல்லாப் படிங்க என்று அர்த்தம்.

மூன்று பைகளும் தப்பு நோட்டும்

வீட்டில் நான் செய்தது வேறொன்று. அட்டைகள் வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதினேன். கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் மூன்றை அடுக்களை ஆணியில் மாட்டினேன். முதல் பை தினமும் பார்க்க வேண்டியது. சரியாகச் சொன்ன அட்டை வாரம் ஒருமுறை பார்க்கும் பைக்குப் போகும். அங்கும் சரியாகச் சொன்னால் மாதம் ஒருமுறை பைக்கு. தவறினால் எந்தப் பையிலிருந்தும் நேராக முதல் பைக்குத் திரும்ப வேண்டும்.

ரெங்கராஜ் சாப்பிட உட்காரும்போது ஒரு அட்டையை உருவி என்னிடம் கேட்பார். தவறிவிட்டால், "போ, ஒன்னாங் கிளாஸுக்கு," என்று அட்டையை முதல் பையில் போடுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கோதையின் கண்டுபிடிப்பு தப்பு நோட்டு. மாதிரித் தேர்வு எழுதிவிட்டுத் தவறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவோம். பதிலோடு நிறுத்தாமல் ஏன் தவறியது என்பதையும் எழுத வேண்டும். தெரியவில்லையா, குழம்பியதா, அவசரமா?

இரண்டு மாத நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். என் தவறுகளில் பாதிக்கு மேல் வரலாறு தெரியாததால் வந்தவை அல்ல. "பொருந்தாதது எது" என்று கேட்டால் பொருந்துவதைக் கண்டதும் பாய்ந்து குறித்திருக்கிறேன்.

"மதினி, துணியில ஒரு நூல் விட்டாக்கூடக் கண்டுபிடிக்கிய. கேள்வியில ஒரு வார்த்தையப் பாக்க மாட்டேங்கிய," என்றாள். உறைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் கடைசி வார்த்தை வரை விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் விடைக்குப் போவேன்.

மாதிரித் தேர்வில் யார் அதிகம் வாங்கினாலும் மற்றவள் பால்கோவா வாங்கித் தர வேண்டும். முதல் நான்கு மாதம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை

அந்த வருடப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மின்சாரப் பராமரிப்பு என்று யூனிட்டுக்கு லீவு. முந்தின நாள் கோதை எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். காலையில் அவளைக் கொண்டுபோய் விட நானும் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் பஸ்ஸில் வழிந்தது. எங்கள் சீட்டுப் பக்கமே போக முடியவில்லை. நான் டிரைவருக்குப் பின்னால் நசுங்கினேன். கோதை பின்படியில்.

சட்டம் சட்டம்தானே. பின்னாலிருந்து குரல் வந்தது.

"மதினி! மொத பானிபட் போருல தோத்தது யாரு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், துளசி மாலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த ஒரு பெரியவர் சொன்னார், "இப்ராகிம் லோடி!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "முப்பது வருசம் லாரி ஓட்டுனேன். பானிபட்டுல டீ குடிச்சிருக்கேன். அங்க போர்டு வச்சிருக்கான்," என்றார் அவர்.

அவ்வளவுதான், பஸ் பற்றிக்கொண்டது. "இன்னொன்னு கேளு தாயி!" என்று நடுவிலிருந்து ஒரு குரல். கோதை கேட்டாள். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் போனைத் தட்டப் போக, "போனப் பாக்கக் கூடாது!" என்று காய்கறி அம்மா அதட்டினார். வேலூரில் சிப்பாய்கள் எழுந்தது முன்னாலா, மீரட்டில் எழுந்தது முன்னாலா என்ற கேள்வியில் பஸ் இரண்டாகப் பிரிந்தது. "நம்ம வேலூருதான் முன்னால!" என்று பால்ராஜ் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னபோது கைதட்டல் எழுந்தது.

மடவார் வளாகம் தாண்டும்போது, இறங்க மறந்த இரண்டு பேர் ஞாபகம் வந்து கத்தினார்கள். டிரைவர் சிரித்துக்கொண்டே ஓரம் கட்டினார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. மூன்று வருடம் இந்தப் பெண்ணோடு பேசாமல் இருந்ததில் எவ்வளவு சிரிப்பை நான் இழந்திருக்கிறேன்!

கூற்றும் காரணமும்

ஆனால் சேலை விஷயம் இன்னும் உள்ளே கிடந்தது. அதை இருவரும் தொடவில்லை.

ஐப்பசி மழை. ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸின் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் பாடம் கூற்று, காரணம் வகைக் கேள்விகள். ஒரு கூற்று கொடுப்பார்கள், அதற்கு ஒரு காரணம் கொடுப்பார்கள். இரண்டும் சரியா, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று சொல்ல வேண்டும். இரண்டும் உண்மையாக இருந்தும் ஒன்று மற்றொன்றை விளக்காமல் இருக்கலாம். அதில்தான் எல்லாரும் வழுக்குவார்கள்.

நாலைந்து கேள்வி கேட்ட பிறகு கோதை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கூற்று: மதினி மூணு வருசமா எங்கிட்டப் பேசல. காரணம்: நான் அவிய பட்டுச்சேலையில சாம்பாரக் கொட்டிட்டேன்."

மழை தகரத்தில் அடிக்கும் சத்தம். பிறகு சொன்னேன். "கூற்று சரி. காரணமும் உண்மைதான். ஆனா காரணம் கூற்றை விளக்கல."

அவள் திரும்பினாள். "அப்ப வேற என்ன?"

"அன்னைக்குப் பந்தியில நீ ஒங்கூடப் படிச்ச சோட்டுக்காரிகிட்டச் சொன்ன. 'எங்க மதினி டிகிரி முடிச்சு என்ன கண்டாவ, பேண்டேஜ்தானே மடிக்காவ'ன்னு. நான் பின்னால தண்ணி ஊத்திக்கிட்டு நின்னேன்."

கோதையின் முகம் வெளுத்துவிட்டது. மறுப்பாள் என்று நினைத்தேன்.

"சொன்னேன்," என்றாள். "அது எங்க பெரியப்பா சொன்னது மதினி. என்னைய பி.ஏ. சேக்கும்போது சொன்னாரு. 'ஒம் மதினியப் பாத்தியா, அதுக்கு எதுக்குப் படிப்பு'ன்னு. நான் வீட்டுல அழுது, சண்ட போட்டுத்தான் சேந்தேன். ஆனா உள்ளுக்குள்ள பயம். அதையே சிரிச்சிக்கிட்டு நானும் சொல்லிட்டேன். நீங்க தபால்ல படிச்சதப் பாத்துத்தான் நான் வரலாறு எடுத்தேன். அத ஒங்ககிட்டச் சொல்லவே இல்ல."

நான் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் படித்தவள். அவள் என்னைப் பார்த்துப் படித்தவள். இது தெரியாமல் இருவரும் மூன்று வருடம் முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். எனக்குக் கண் கலங்கியது. அவள் வாய்விட்டே அழுதாள்.

பால்ராஜ் அண்ணாச்சி பதறி வந்தார். "என்னம்மா, கேள்வி ரொம்பக் கஷ்டமா?"

"ஆமாண்ணே," என்றாள் கோதை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா மதினி சரியாச் சொல்லிட்டாவ."

யூனிட் கேட்டில் ஒரு கூச்சல்

அடுத்த கோடையில் மறுபடியும் மதுரை. இந்தத் தடவை கண் டாக்டரும் இல்லை, வளைகாப்பும் இல்லை. அத்தை இருவருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்தார். காலவரிசைக் கேள்வி வந்தபோது நான் கண்ணை மூடி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். தெரியாததைத் துணிந்து விட்டேன். ஒவ்வொரு கேள்வியையும் கடைசி வார்த்தை வரை விரல் வைத்து வாசித்தேன். முடித்துவிட்டு எழுந்தபோது முதுகு வலித்தது.

கோதைக்கு முதல் பட்டியலிலேயே இடம். எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது.

நான் நன்றாகத்தான் சிரித்தேன். பால்கோவாவும் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. கோதை விடுதியில் சேரும் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "நீங்க இல்லாம எனக்கு அங்க என்ன வேல?" என்றாள். "இப்படிப் பேசுனா மறுபடி மூணு வருசம் பேச மாட்டேன் பாத்துக்கோ," என்று மிரட்டினேன்.

ஒரு மத்தியானம். யூனிட்டில் போனை ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்ச்மேன் ஓடி வந்தார். "செண்பகம், கேட்டுல ஒரு பொம்பளப் பிள்ள நின்னு கத்துது. வீட்டுல ஏதும் ஆகிப்போச்சா?"

தொப்பியோடும் மாஸ்க்கோடும் ஓடினேன். கேட் கம்பிக்கு வெளியே கோதை. தலை கலைந்து, ஒரு செருப்பு இல்லாமல். என் விண்ணப்பத்தை நிரப்பியவள் அவள்தான். மெயிலும் அவள் கம்ப்யூட்டரில்தான் திறந்திருந்தது.

"மதினீ! கெடச்சிருச்சு! ஒங்களுக்குக் கெடச்சிருச்சு!"

மாஸ்க்குக்குள் அழுதேனா சிரித்தேனா தெரியாது. கம்பி வழியாகக் கையை நீட்டி அவள் காதைப் பிடித்துத் திருகினேன். "ஏட்டி, ஒத்தச் செருப்போடயா ஓடி வந்த?" என்றேன். பின்னால் மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். சூப்பர்வைசரே கைதட்டினார்.

முதல் வகுப்பு

கோதை விடுதியில் தங்கினாள். நான் யூனிட் வேலையை விட்டுவிட்டு, தினமும் காலை ரயிலில் போய் வருவது என்று ஏற்பாடு. மகளை ரெங்கராஜும் அத்தையும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

முதல் நாளே ரயில் தாமதம். வியர்க்க விறுவிறுக்க ஓடிப் போய், வரலாற்றுத் துறையில் அறையைக் கண்டுபிடித்துக் கதவைத் தள்ளினேன். கஞ்சி போட்ட காட்டன் சேலை, கொண்டை, தோளில் பை, கையில் நோட்டு.

உள்ளே முப்பது பேர். எல்லாருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள்.

"குட் மார்னிங், மேம்!"

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கதவிலேயே நின்றேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து அந்தச் சிரிப்பு வெடித்தது. கோதை மேசையில் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் உக்காருங்கப்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவிய நம்ம கிளாஸுதான். எங்க மதினி."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, நோட்டைத் திறந்தேன்.

ஐந்து நிமிடத்தில் பேராசிரியர் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும், இரண்டு மூன்று குறைவாகக்கூட இருக்கலாம். இந்தத் தடவை முதல் ஆளாக எழுந்து நின்றது நான்தான்.